என் கையெழுத்து வாடகைக்கு இல்லை

என் கையெழுத்தை வாடகைக்குக் கேட்கிறார்கள்.

கேட்டவர் கிரண். பெங்களூரில் நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மதிப்பீட்டு ஆபீஸுக்கு இப்போது அவர்தான் மேனேஜர். விலை உயர்ந்த கைக்கடிகாரங்களை இன்ஷூர் செய்வதற்கு முன்னால், அவை அசல்தானா, என்ன மதிப்பு பெறும் என்று பார்த்துச் சான்றிதழ் கொடுப்பது எங்கள் ஆபீஸின் தொழில். இனிமேல் யாரும் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாமாம். ஃபோனில் நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பினால் போதுமாம். டீ குடித்து முடிப்பதற்குள் சான்றிதழ் வந்துவிடுமாம்.

"கஸ்டமருங்களுக்கு உங்க பேர் மேல ஒரு நம்பிக்கை இருக்கு மேடம். நீங்க பெங்களூர் வரவே வேணாம். ஒரே ஒரு கையெழுத்து போட்டு ஸ்கேன் பண்ணி அனுப்புங்க. நான் அனுப்பியிருக்கிற பாரத்துல 'பரிசோதித்தவர்'னு ஒரு கட்டம் இருக்கு, அதுல போடுங்க, எல்லா சான்றிதழ்லயும் வெச்சுக்கிறோம். மாசாமாசம் ஒரு தொகை உங்க அக்கவுண்டுக்கு வந்துடும்" என்றார் கிரண். கூடவே, புதிய திட்டத்துக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்களாம். அதில் என் அனுபவம் இரண்டு பக்கம் வேண்டுமாம்.

அனுபவம்தானே? எழுதுகிறேன். ஆனால் இரண்டு பக்கத்தில் அடங்காது, அவர்கள் எதிர்பார்க்கிற மாதிரியும் இருக்காது.

நான் கே.ஜி.எஃப்.காரி, கோலார் தங்கவயல். அங்கே ஸ்கெலட்டன் என்கிற பகுதியில் சுரங்கக் கம்பெனி கட்டிய லைன் வீட்டில் பிறந்தவள். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். என் நைனாவுக்கு ஷாஃப்ட் வாயிலில் மணி அடிக்கிற வேலை. கீழே சுரங்க லெவலில் இருப்பவர்கள், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் என்ற கூண்டில் ஏறியதும் மணி அடிப்பார்கள். நைனா அதே மணியை அதே கணக்கில் திருப்பி அடிப்பார். திருப்பி அடித்த பிறகுதான் கேஜ் நகரும். இரண்டு மணி கேட்டு மூன்று அடித்துவிட்டால் நகராது. அவசரம், தலைபோகிற காரியம் என்று யார் கத்தினாலும் நகராது. "கேட்டது போதாது, கேட்டதைத் திருப்பிச் சொல்லணும்" என்பார். வீட்டில் அம்மா உப்பு வாங்கி வரச் சொன்னால்கூட, "உப்பு" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். நாங்கள் சிரிப்போம்.

சிரிக்க முடியாத விஷயம் இன்னொன்று இருந்தது. ஷிஃப்ட் முடிந்து வெளியே வருகிறவர்களை ஓர் அறையில் நிறுத்திச் சோதனை போடுவார்கள். டிபன் டப்பா, தலைமுடி, கோவணம் வரை. தங்கம் எடுத்திருப்பான் என்ற சந்தேகம் எல்லோர் மேலும் தினமும். நைனா வீட்டுக்கு வந்து உட்காரும்போது சட்டைப் பை இரண்டும் வெளியே தொங்கும். மறுபடி உள்ளே தள்ளக்கூடத் தோன்றாது. அதனாலேயே எங்கள் லைனில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: நம் ஆட்களை நாம் சோதிக்கக் கூடாது. அம்மா சட்டை துவைக்கும்போதுகூட நைனாவின் பையில் கைவிட மாட்டாள். எத்தனை பீடிக்கட்டு சோப்புத் தண்ணீரில் ஊறிப் போயிருக்கிறதோ!

இந்தச் சட்டத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் வேலையைக் கிட்டத்தட்ட காவு வாங்கியது இதுதான்.

தொழில் கற்ற கதை பெரிதாக ஒன்றுமில்லை. பெங்களூரில் ஒரு கடிகாரத் தொழிற்சாலையில் பெண்களை எடுத்தார்கள். விடியற்காலையில் எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறி, பாதி வழி நின்றுகொண்டே போய், தலைமுடியைவிட மெல்லிய சுருள்வில்லை இடுக்கியால் பிடித்து உட்கார வைப்பேன். சில வருஷங்கள் அப்படி ஓடின. தொழிற்சாலை சுருங்கியது, எங்களை அனுப்பிவிட்டார்கள். கையில் தொழில் இருந்தது. ராவ் சாரின் மதிப்பீட்டு ஆபீஸில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன்.

ராவ் சார் கன்னடக்காரர், ஒல்லி, வெள்ளைச் சட்டை. பாராட்டு என்பது அவர் வாயில் வரவே வராது. நன்றாகச் செய்தால் அடுத்த கடிகாரத்தை நகர்த்தி வைப்பார், அவ்வளவுதான். மேசையில் வெள்ளைத் துணி விரித்திருக்க வேண்டும். துணிமேல் ஒரே ஒரு கடிகாரம்தான் இருக்க வேண்டும். சொந்தக்காரர் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். ஒற்றைக்கண் லென்ஸை மாட்டிக்கொண்டு முதலில் வெளியே பார்க்க வேண்டும்: கேஸில் பாலிஷ் போட்டுத் தேய்த்த அடையாளம், டயலில் மறுபெயின்ட், மாற்றப்பட்ட முள். அப்புறம் பின்மூடியைத் திறந்து உள்ளே இருக்கிற மெஷினின் எண், பற்சக்கரங்களின் தேய்மானம். டிக்டிக் சத்தத்தைக் கருவியில் வைத்து அது ஒரு நாளைக்கு எவ்வளவு முந்தும், பிந்தும் என்று பார்க்க வேண்டும். கடைசியில்தான் மதிப்பு. இன்றைக்கு விற்றால் என்ன கிடைக்கும் என்பது ஒன்று. தொலைந்துபோனால் அதே மாதிரி ஒன்றைத் தேடி வாங்க என்ன ஆகும் என்பது வேறு. இன்ஷூரன்ஸுக்கு வேண்டியது இரண்டாவது. பாதிப் பேர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் வருவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ராவ் சாரிடம் ஒரு விதி இருந்தது. "நோடம்மா, மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியாததை பேப்பர்ல எழுதாதே." குறை எதுவானாலும் முதலில் சொந்தக்காரரிடம் வாயால் சொல்ல வேண்டும், அப்புறம்தான் பேனாவைத் தொடலாம். பட்டுப்புடவையும் வைரத்தோடுமாக வந்த ஓர் அம்மாவிடம், அவர் வெளிநாட்டில் வாங்கிய கடிகாரம் போலி என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. "அப்போ இது கடிகாரமே இல்லையா?" என்று கத்தினார். "கடிகாரம்தாங்க. நல்லாவே ஓடுது. டயல்ல எழுதியிருக்கிற பேருதான் இதோடது இல்ல" என்றேன். அவர் போன பிறகு ராவ் சார் அடுத்த கடிகாரத்தை நகர்த்தி வைத்தார்.

ஆனால் அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நடந்ததை நான் மறக்கவில்லை. மாலையில் கிளம்பும்போது வாசலில் வாட்ச்மேன் என் பையை மட்டும் வாங்கிக் கவிழ்த்தார். மற்றவர்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். "சார் சொல்லிட்டாரும்மா. நீங்க கே.ஜி.எஃப். இல்லியா?" என்றார் அவர், கொஞ்சம் கூச்சத்தோடு. ரயிலில் வரும் வழியெல்லாம் எனக்கு நைனாவின் தொங்கும் சட்டைப் பைதான் கண்ணில் நின்றது. அழவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

அந்த வாரமே ஒரு வெள்ளைக் கோட்டு தைத்துக்கொண்டேன். அதில் பாக்கெட் கிடையாது. கை முழங்கையோடு நின்றுவிடும். மேசையில் உட்கார்ந்ததும் எதிரே இருப்பவரிடம் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவேன். பின்மூடியைத் திறந்ததும் மெஷின் எண்ணை உரக்கப் படிப்பேன். லென்ஸை அவர் கையில் கொடுத்து அவரையும் படிக்கச் சொல்வேன். மூடுவதற்கு முன்னால் இன்னொரு முறை. மதிப்பீட்டுப் பாரத்தின் ஓரத்தில் நானே ஒரு கட்டம் போட்டேன். அதில் எண்ணை அவரே தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் திருப்பிச் சொன்னால்தான் கேஜ் நகரும்.

பெரிய பெரிய ஆட்களுக்கெல்லாம் எரிச்சலாக வரும். "என்ன மேடம், ஸ்கூல் பிள்ளை மாதிரி படிக்க வெக்கிறீங்க?" என்பார்கள். படிங்க என்பேன். ஒரு தலைமுறை முழுக்க எங்களைச் சோதனை போட்டார்கள். இப்போது சோதனையை நடத்துவது நான். அந்தத் திமிர் எனக்கு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ராவ் சார் கோட்டையும் கட்டத்தையும் பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். வாசலில் பையைக் கவிழ்ப்பதும் நிற்கவில்லை.

இப்படிச் சில வருஷங்கள் போன பிறகுதான் சபாபதி வந்தார். எங்கள் ஊர் ஆண்டர்சன்பேட்டை பஜாரில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். எங்கள் லைன் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையெல்லாம் அந்தக் கடைத் துணிதான். இப்போது பெங்களூரில் பெரிய ஷோரூம். யாரோ ஒரு பழைய சேகரிப்பாளரிடம் வாங்கிய தங்கக் கைக்கடிகாரம் ஒன்றை இன்ஷூர் செய்யக் கொண்டுவந்திருந்தார்.

"இன்னாம்மா, பேச்சு நம்ம ஊரு மாதிரி கீதே! எந்த லைனு?"

"ஸ்கெலட்டன் அண்ணா."

"அட! நம்ம ஊரு பொண்ணுதானா? அப்ப எனக்கு இன்னா கவலை!"

அன்றைக்கு அவரோடு பேசிக்கொண்டே வேலை பார்த்தேன். பின்மூடியைத் திறந்தேன், மெஷின் எண்ணை எழுதிக்கொண்டேன். பின்மூடியின் உட்புறத்தில் கடிகாரக்காரர்கள் வைத்த கீறல்கள் இருந்தன. பழைய கடிகாரங்களில் இது சகஜம். பழுது பார்த்தவர் தன் அடையாளத்தையும் மாதத்தையும் வருஷத்தையும் பொடியாக அங்கே கீறி வைப்பார். மூன்று இருந்தன. மூன்றையும் அப்படியே பாரத்தில் வரைந்தேன். எல்லாம் முடிந்து லென்ஸை அவரிடம் நீட்டப் போன கை பாதியில் நின்றது. ஊர்க்காரரைப் போய், படி, எழுது, கையெழுத்துப் போடு என்று நிற்க வைப்பதா? நம் ஆளை நாமே சோதிப்பதா? "போதும் அண்ணா, நீங்க கெளம்புங்க" என்றேன். கட்டம் காலியாகவே இருந்தது.

சில வருஷம் கழித்து மறுமதிப்பீட்டுக்கு அதே கடிகாரத்தோடு வந்தார். இரண்டு டீ வரவழைத்தேன். வெளியே பார்த்தேன்: அதே கேஸ், அதே டயல், அதே முள். பின்மூடியைத் திறந்தேன். அதே கம்பெனி மெஷின்தான். ஆனால் எண் வேறு. தரத்தில் இரண்டு படி கீழே.

அந்த நிமிஷத்தில் நான் பேசாமல் பழைய பாரத்தைப் பார்த்துப் பழைய எண்ணையே எழுதியிருந்தால், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. மூஞ்சிக்கு நேராகச் சொல்ல வேண்டும் என்பது விதி. சொன்னேன்.

"அண்ணா, உள்ள இருக்கிற மெஷின் மாறிப்போயிருக்கு. இது உங்களோடது இல்ல."

"இன்னா சொல்றே நீ?"

"நம்பர் வேற அண்ணா."

அவர் முகம் மாறியது. டீ டம்ளரைக் கீழே வைத்தார். என்னிடம் பேசவில்லை. திரும்பி, உள்ளறையில் இருந்த ராவ் சாருக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "சார், இந்த வாட்ச் இந்த டேபிளைத் தவிர வேற எங்கயும் தெறந்தது இல்ல. கே.ஜி.எஃப்.ல பொறந்தவங்களுக்குத் தங்கத்தைப் பாத்தா கை சும்மா இருக்காது. எனக்குத் தெரியாதா? நானும் அந்த ஊருதானே!"

வேறு யார் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். எங்களுக்குச் சீருடைத் துணி அளந்து கிழித்த குடும்பம் சொன்னது.

ராவ் சார் வந்தார். பழைய பாரத்தை எடுத்து மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தார். விரல் ஓரத்துக் கட்டத்தில் நின்றது.

"ஏம்மா, இது ஏன் காலி?"

"நம்ம ஊருக்காரர்னு விட்டுட்டேன் சார்."

"வேற யாருக்காவது விட்டிருக்கியா?"

"இல்ல சார். இவர் ஒருத்தருக்குத்தான்."

சபாபதி போலீசுக்குப் போகிறேன் என்றார். ராவ் சார் அவரை உட்காரச் சொல்லிவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். டைப் செய்த ஒரு தாளை நீட்டினார். என் கவனக்குறைவால் மெஷின் இங்கே மாறிப்போனது, வருந்துகிறேன், நஷ்டத்தை ஆபீஸ் ஏற்கும் என்று இருந்தது. "கையெழுத்துப் போடு. விஷயம் இங்கேயே முடிஞ்சு ஆயித்து. உன்னை பேக் ரூம்ல லெட்டர் வேலைக்குப் போட்டுக்கிறேன்" என்றார்.

கையெழுத்துப் போட்டால் சம்பளம் தப்பும். நான் திருடி என்பது தாளில் ஏறிவிடும். ஊரில் நைனா அப்போது உயிரோடுதான் இருந்தார். ஒவ்வொரு ஷிஃப்டிலும் கோவணத்தை அவிழ்த்துக் காட்டியும் கடைசிவரை ஒரு துரும்புகூட எடுக்காத மனுஷன்.

"கட்டம் காலியா இருந்தது என் தப்பு. அதை எழுதித் தரேன் சார், இப்பவே எழுதித் தரேன். மெஷின் மாறினதுக்கு எழுதித் தர மாட்டேன். அவரு கூப்பிட வேணாம், நானே போலீஸைக் கூப்பிடுறேன்" என்றேன். என் குரல் வெளியே வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

தாளை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். கோபத்தில் கண் தெரியவில்லை. வெள்ளைத் துணியில் பின்மூடி மல்லாந்து கிடந்தது. எண் மாறியிருந்த அதிர்ச்சியில் அதைப் பார்க்கவே மறந்திருந்தேன். லென்ஸை மாட்டினேன்.

கீறல்கள் நாலு.

பழைய பாரத்தில் நான் வரைந்திருந்தது மூன்று. நாலாவது புதிது. ஓர் எழுத்து, பக்கத்தில் மாதமும் வருஷமும். நான் மதிப்பிட்டதற்கு அடுத்த வருஷம்.

"சார், இங்க வாங்க. எண்ணுங்க" என்றேன்.

ராவ் சார் எண்ணினார். பாரத்தைப் பார்த்து மறுபடி எண்ணினார். சபாபதி, "இவளே கீறியிருப்பா" என்றார். ராவ் சார் இழுப்பறையைத் திறந்து ஒரு பழைய நோட்டை எடுத்தார். ஊரில் எந்தக் கடிகாரக்காரர் எந்த அடையாளம் போடுவார் என்று வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்து வரைந்து வைத்த நோட்டு அது. அதுவரை எங்களில் யாருக்கும் காட்டியதில்லை. பக்கங்களைப் புரட்டி ஓரிடத்தில் நிறுத்தினார். சிக்பேட்டையில் ஒரு கடிகாரக்காரருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

அந்தக் கடிகாரக்காரர் தன் வேலைப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார். ஒரு பையன் கொண்டுவந்தானாம். அசல் மெஷினைக் கழற்றி அவன் கையிலேயே கொடுத்துவிட்டு வேறு ஒன்றைப் போடச் சொன்னானாம். அப்பாவின் கடிகாரம், அப்பாதான் சொன்னார் என்றானாம். வேலையை முடித்து, வழக்கம்போலப் பின்மூடியில் கீறிக் கொடுத்திருக்கிறார். பெயரையும் படித்தார். சபாபதியின் மகன்.

சபாபதி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தெரியாது என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தணிந்த குரலில், "வெளிய சொல்லாதம்மா. நம்ம ஊரு மானம் போயிடும்" என்றார்.

என்ன தைரியம் பாருங்கள்! சற்று முன்னால் ஊரையே திருட்டு ஊர் ஆக்கியவர்.

நான் லென்ஸை அவர் கையில் கொடுத்தேன். "நம்பரைப் படிங்க அண்ணா."

"அதான் தெரிஞ்சுபோச்சே..."

"படிங்க."

படித்தார். நானும் திருப்பிப் படித்தேன். புது பாரத்தின் கட்டத்தில் அந்த மாற்று எண்ணை அவர் கையாலேயே எழுத வைத்தேன், கையெழுத்துப் போட வைத்தேன். குறைந்த மதிப்பைச் சான்றிதழில் எழுதினேன். அவர் மகனைப் பற்றி நான் வெளியே மூச்சு விடவில்லை. அது அவருக்காக இல்லை. எங்கள் ஊர்க்காரன் தங்கத்தில் கைவைத்தான் என்று இன்னொரு கதை ஊரில் உலவ நான் காரணமாக வேண்டாம் என்றுதான். இன்றைக்கு அவர்கள் யாரும் உயிரோடு இல்லை, பெயரும் நான் மாற்றி எழுதிய பெயர்தான்.

ராவ் சார் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தத் தாளைக் கிழித்தாரா என்றும் தெரியாது. மறுநாள் மாலை நான் கிளம்பும்போது எனக்கு முன்னால் வாசலுக்குப் போனார். தன் தோல்பையை வாட்ச்மேன் மேசையில் தானே கவிழ்த்தார். மூக்குக்கண்ணாடிக் கூடு, மாத்திரை அட்டை, பாதி கடித்த கொய்யா எல்லாம் உருண்டன. "இன்னிலேர்ந்து எல்லாருக்கும்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் என் பையை நானே கவிழ்த்தேன். ஆனாலும் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவர் செய்ததை நான் மன்னிக்கவில்லை, இன்றைக்கும் மன்னிக்கவில்லை. இரண்டும் என் மனதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

அதற்குப் பிறகு நான் யாருக்காகவும் கட்டத்தைக் காலியாக விட்டதில்லை. என் சொந்தத் தம்பி, கல்யாணத்துக்கு மாமனார் போட்ட கடிகாரத்தைக் கொண்டுவந்தபோதுகூட அவனைப் படிக்க வைத்தேன். "இன்னாக்கா, என்னையேவா?" என்றான். உன்னைத்தான் முதலில் என்றேன்.

இப்போது கிரணுக்கு வருகிறேன்.

தம்பி, சபாபதியின் கடிகாரத்தை நாலு பக்கமும் படம் எடுத்து உங்கள் ஃபோனுக்கு அனுப்பியிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? அதே கேஸ், அதே டயல், அதே முள். அசல் என்று சான்றிதழ் போயிருக்கும், கீழே என் பெயரும் இருந்திருக்கும். திருடு போனது உள்ளே. உங்கள் படம் நிற்பது வெளியே. மெஷின் எண்ணை ஒருத்தர் படித்து, எதிரே இருப்பவர் திருப்பிப் படிக்காத ஒரு சான்றிதழை நம்பி ஒருவர் பிரீமியம் கட்டுவார். நாளைக்குத் தகராறு வந்தால், "பரிசோதித்தவர் கே.ஜி.எஃப். அம்மாதான்" என்று உங்கள் ஆபீஸே கை காட்டும். எனக்கு அது பழகிய விரல்தான்.

பணம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். இந்த லைன் வீட்டுக் கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது. போன மழைக்குக் கட்டிலை இழுத்து இழுத்து, கடைசியில் அடுப்படியில் கொண்டுபோய்ப் போட்டேன். ஒழுகட்டும். முழங்கால் வலிதான், ஆனால் கோரமண்டலில் ரயில் ஏற இன்னும் முடியும். கடிகாரத்தையும் அதன் சொந்தக்காரரையும் மேசைக்குக் கொண்டுவந்து உட்கார வையுங்கள். பாக்கெட் இல்லாத கோட்டு இன்னும் பெட்டியில் இருக்கிறது, வருகிறேன். கூலி கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

நீங்கள் அனுப்பிய பாரத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். 'பரிசோதித்தவர்' என்ற கட்டத்தில் நான் எதுவும் எழுதவில்லை. ஒரு முறை பாசத்தால் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுத் திருடி என்ற பட்டம் வாங்கப் பார்த்தேன். இந்தக் கட்டத்தைத் தெரிந்தேதான் காலியாக விட்டிருக்கிறேன்.

கிடைத்ததும் போன் செய்து, காலியாக இருக்கிறது என்று எனக்குத் திருப்பிச் சொல்லுங்கள்.